கரித்துண்டு யார் கையில்

1

மார்ச் மாதம் ஒரு பழுப்பு உறை வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

ஊரில் இருப்பவர்கள் நான் இங்கே பெரிய உத்தியோகத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று நானும் மூன்று வருஷமாகச் சும்மா இருந்துவிட்டேன். உண்மை இதுதான். வட இங்கிலாந்தில், மில் புகை படிந்த ஓர் ஊரின் பல்கலைக்கழகத்தில் நான் சிவில் இன்ஜினியரிங் பாடம் நடத்துகிறேன். வேலை தற்காலிகம். இந்த ஜூன் கடைசியில் ஒன்று நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் பெண்டாட்டி, பிள்ளையோடு எந்த ஊருக்குப் போய் இறங்குவது என்று எனக்குத் தெரியாது.

உறைக்குள் இருந்த கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. இந்த ஊரில் மரியாதை கூடக் கூட ஆபத்தும் கூடும். ஜனவரிப் பரீட்சையில் என் வகுப்பில் பாதிக்கு மேல் ஃபெயில். ஆகவே கற்பித்தலும் கற்றலும் மேம்படும் பொருட்டு, துறைத் தலைவர் டாக்டர் ப்ரூக்ஸ் என் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதுவார். நாள், ஏப்ரல் முதல் தேதி, வியாழக்கிழமை. இவர்களுக்கு அது முட்டாள்கள் தினம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வேறு ஒன்று. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில்தான் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, சத்தியவேடு எங்கள் ஆந்திரா பக்கம் வந்தது, எங்கள் புத்தூர் இருந்த இடத்திலேயே இருந்தது.

உறையில் ஒரு ஃபாரமும் இருந்தது. பிறந்த மாநிலம், பள்ளிக்கூடம் போன மாநிலம், காலேஜ் படித்த மாநிலம் என்று மூன்று கட்டங்கள். நான் மெட்ராஸ், ஆந்திரா ஸ்டேட், ஆந்திரப் பிரதேசம் என்று ஒழுங்காக நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸில் இருந்த மிசஸ் ஹில் அதைப் பார்த்துவிட்டு, "சின்ன வயதில் நிறைய இடம் மாறியிருக்கிறீர்கள் போல, பாவம்" என்றாள்.

"இல்லையம்மா, ஒரே வீடுதான். மாநிலம்தான் மாறிக்கொண்டே இருந்தது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குறியை நினைத்து நான் இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

2

கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கீத் என்று ஒரு மாணவன் என் அறைக்கு வந்தான். அப்பா பஸ் டிரைவர். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்தவன் இவன்தான் முதல். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றான்.

"சார், நான் படிப்பை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அக்டோபரிலிருந்து உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை. ஈஸ்டரோடு நின்றுவிட்டு பஸ் டிப்போவில் சேர்ந்துவிடுகிறேன்."

மற்ற எல்லோருக்கும் புரிகிறதாம்! அந்த எல்லோரிலும் பாதிப் பேர் ஃபெயில். ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் வகுப்பைக் குறை சொல்ல வந்திருக்கிறான் என்றுதான் பட்டது, முகம் சூடாகிவிட்டது. "அத்தியாயக் கடைசியில் உள்ள கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நான் சொன்ன அந்த வாக்கியத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். திருப்பதியில் அதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

3

புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் திருப்பதிக்குப் படிக்கப் போன தமிழ்ப் பையன்கள் நாங்கள் நான்கு பேர். ஹாஸ்டலுக்குக் கட்ட வழியில்லாமல் தினம் ரயிலில் போய்வந்தோம். ரேணிகுண்டாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். சாயங்காலம் அங்கே முக்கால் மணி நேரமாவது காத்திருப்போம். அந்த முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு நிஜமான காலேஜ்.

காலேஜில் பாடம் இங்கிலீஷில் ஓடும். நடுநடுவே தெலுங்கில் அதட்டல் வரும். விரிவுரையாளர் போர்டு முழுக்க எழுதுவார், நாங்கள் முழுக்க எழுதிக்கொள்வோம். கடைசியில் கையிலிருக்கும் தூசியைத் தட்டிக்கொண்டே, "அர்த்தமயிந்தா?" என்பார். அறுபது பேரும் ஒரே குரலில், "அயிந்தி சார்!" புரிந்ததா என்றால் புரிந்தது சார் என்று சொல்வது, ஆஜர் பட்டியலில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பது மாதிரி ஒரு வழக்கம். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். தமிழ்ப் பையன்கள் நாங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே சொல்வோம். தெலுங்கு தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

ரேணிகுண்டா பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. இன்ஜினிலிருந்து விழுந்த நிலக்கரித் துண்டு அங்கே எப்போதும் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துத் தரையில் படம் போட்டுப் படிப்போம். இதில் ஒரு சட்டம் வைத்தவன் முனிரத்தினம். நகரிக்காரன், வீட்டில் நான்கு தறி ஓடும், குரலும் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். புரிந்ததைப் பிரிஞ்சது என்பான், எங்கள் பக்கத்துப் பேச்சு.

"பிரிஞ்சவன் சொன்னா, பிரியாதவன் தலைய ஆட்டிக்கினே கெடப்பான்டா. கிளாஸ்ல அத்தானே நடக்குது? இங்க எவனுக்குப் பிரியலையோ அவன் கைல கரியக் குடு. அவன் ஆரம்பிக்கட்டும். எங்க முட்டிக்கினு நிக்கிறானோ அங்கேர்ந்து மத்தவன் எடுத்துக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. புரியாதவன் கையில் கரி. அவன் தெரிந்தவரை வரைவான், சொல்வான், ஓர் இடத்தில் நின்றுவிடுவான். அந்த இடம்தான் அன்றைய பாடம். பெரும்பாலும் கரி முனிரத்தினத்தின் கையில்தான் இருக்கும், அவனே கேட்டு வாங்கிக்கொள்வான். போர்ட்டர் ஒருவர் வந்து, "ஒரே கலீஜ் பண்றீங்களேப்பா, இத்த யாரு கழுவறது?" என்று தினமும் திட்டுவார், எங்கள் படத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார்.

நாங்கள் நான்கு பேரும் முதல் பருவத்தில் எல்லாப் பாடத்திலும் பாஸ்.

4

வியாழக்கிழமைக்காக நான் வீட்டில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எதிரே நின்றுகொண்டு, கையில் கரண்டியோ எதுவோ, உத்தரம் வளைவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். இங்கிலீஷில் நான் அடிக்கடி வழுக்கும் இடங்களுக்கு அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன். பதற்றம் வந்தால் எனக்கு வினைச்சொல்லின் காலம் மாறிவிடும். நேற்று விழுந்த உத்தரம் நாளை விழும்.

என் மனைவி பத்மா திருச்சானூர்க்காரி. எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள். "அந்தாளு வந்து ஒக்காந்துட்டுப் போகப்போறாரு. உன்ன துன்னுடவா போறாரு? மொதல்ல நீ ஒரு வாய் துன்னு" என்று தட்டை நகர்த்துவாள்.

எங்கள் பெண்ணுக்கு ஆறு வயது. மங்கா என்று பெயர் வைத்தோம், பள்ளிக்கூடத்தில் மேகி ஆகிவிட்டது. இப்போது வீட்டில் மங்கா என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். நைனா என்ற சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதையும் வாசலில் தோழிகள் நின்றால் சொல்ல மாட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் மாடிப்படியில் அவள் குரல் கேட்டது. பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ எழுதினாள். பிறகு, திரும்பாமலே, "இஸ் தட் கிளியர்? குட்" என்றாள். மறுபடி எழுதினாள். "இஸ் தட் கிளியர்? குட்." ஒத்திகையில் கேட்ட என் குரல், என் தொண்டைச் செருமல், எல்லாம் இருந்தது.

என்னைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினாள். இங்கிலீஷில்தான் கேட்டாள். "நைனா, அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடியே நீ ஏன் குட் சொல்றே?"

அர்த்தமயிந்தா என்று கேட்டவராவது, அறுபது பேர் சத்தம் போடும்வரை நிற்பார். நான் அதற்குக்கூட நிற்பதில்லை என்பது அந்த மாடிப்படியில் நிற்கும்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பயமும் கூடிவிட்டது. மூன்று வருஷமாக இதையா செய்துகொண்டிருந்தேன்?

5

இனி சொல்லப்போவதை நான் பத்மாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

எல்லை மாறிய அந்த வாரம் திருப்பதியில் காற்றே சரியில்லை. திருத்தணி போயிற்றே என்று தெலுங்குக்காரர்களுக்குக் கோபம், திருப்பதி வரவில்லையே என்று எங்கள் ஆட்களில் சிலருக்குக் கோபம். ரயிலில் தமிழில் பேசினால் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் நான்கு பேரும் காலேஜில் தள்ளித்தள்ளியே உட்கார்ந்தோம்.

அன்று வகுப்பில், உத்தரம் வளைகிற பாடம். இரண்டு முனையும் தாங்கிக்கொண்டிருக்கிற ஒரு கட்டை, நடுவில் பாரம். அதை ஓர் இடத்தில் வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள், வெட்டிய இடத்துக்கு இடது பக்கத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு விரிவுரையாளர் கணக்கை முடித்தார். "அர்த்தமயிந்தா?"

"அயிந்தி சார்!"

முனிரத்தினம் எழுந்து நின்றான். "லேது சார்."

எனக்குத் தெரிந்து அந்த வகுப்பில் இல்லை என்ற சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. விரிவுரையாளர் பொறுமையாகத்தான், "என்ன புரியவில்லை?" என்றார்.

அவன் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டான். "கட்டையை வெட்டினதாக நினைக்கச் சொல்கிறீர்கள். வெட்டினால் அது விழுந்துவிடாதா சார்? விழாமல் எப்படி நிற்கிறது?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "திருத்தணி கோசேசாரு கதா, படிந்தா?" என்றான். திருத்தணியை வெட்டிவிட்டார்களே, விழுந்ததா என்று. வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பிறகு, பாடம் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு, "வேறு யாருக்காவது புரியவில்லையா? கை தூக்குங்கள்" என்றார்.

எனக்கும் புரியவில்லை. அதே இடம்தான். வெட்டினால் விழாதா? அதே கேள்வி என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. முனிரத்தினம் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் கையை பெஞ்சின் மேல் வைத்து, எங்கே தானாக எழுந்துவிடுமோ என்பதுபோல அழுத்திக்கொண்டேன். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

"பார், எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. உனக்கு மட்டும்தான். கடைசியில் உள்ள கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்" என்றார். முனிரத்தினம் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் ரேணிகுண்டாவில் மற்ற இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நானும் அவனும் மட்டும். அவன் குனிந்து ஒரு கரித்துண்டை எடுத்தான். வழக்கம்போல அவனே ஆரம்பிப்பான் என்று நினைத்தேன். அவன் அதை என்னிடம் நீட்டினான்.

"இந்தா, இன்னிக்கி நீ ஆரம்பி."

குத்திக்காட்டுகிறான் என்று எனக்கு ஆத்திரம். உனக்குத்தான் புரிந்துவிட்டதே, சொல்லு பார்க்கலாம் என்கிறான். "எனக்குப் பிரிஞ்சிபோச்சு. நான் எதுக்கு ஆரம்பிக்கணும்?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தான். பிறகு கரியைத் தண்டவாளத்தில் எறிந்துவிட்டு, "சரி வுடு" என்றான்.

அதற்கப்புறம் அவன் பெஞ்சுக்கு வரவில்லை. வகுப்பிலும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரோடும் சேர்ந்து அயிந்தி சார் சொன்னான். வருஷக் கடைசியில் அந்தப் பேப்பரில் ஃபெயில். மறுவருஷம் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களில் நல்ல இன்ஜினியராக வந்திருக்க வேண்டியவன் அவன்தான். கட்டை ஏன் விழவில்லை என்று எனக்கு உண்மையாகப் புரிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

6

வியாழக்கிழமை காலை மழை. டாக்டர் ப்ரூக்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் ஒரு அட்டை வைத்து, அதில் தாளைச் செருகிக்கொண்டார். கீத் ஜன்னல் ஓரம் இருந்தான். அவன் வந்திருப்பதே எனக்கு ஆச்சரியம்.

ஒத்திகை பார்த்தபடி முதல் அரை மணி நேரம் போனது. காலம்கூட மாறவில்லை. கட்டையை வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்ற இடம் வந்தது. "இஸ் தட் கிளியர்?" என்றேன். குட் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டு நின்றேன்.

யாரும் பேசவில்லை. சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ப்ரூக்ஸ் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார்? விரிவுரையாளர் மறந்துவிட்டார் என்றா?

"புரியாதவர்கள் இருந்தால் கை தூக்குங்கள்" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. கீத் குனிந்திருந்தான். அவன் கை மேஜை மேல் இருந்தது. கட்டைவிரலால் மேஜையை அழுத்திக்கொண்டிருந்தான், நகம் வெளுத்திருந்தது.

எனக்கு அதற்குமேல் மனப்பாடம் எதுவும் ஓடவில்லை. சாக்பீஸோடு என் கையை நானே மேலே தூக்கினேன். வகுப்பு என்னைப் பார்த்தது, ப்ரூக்ஸும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நான் படித்தபோது எனக்கு இது புரியவில்லை. வெட்டினால் விழுந்துவிடாதா என்று ஒரு நண்பன் எழுந்து கேட்டான். வேறு யாருக்குப் புரியவில்லை என்று வாத்தியார் கேட்டபோது நான் கை தூக்கவில்லை. பயம். அதனால் இப்போது தூக்குகிறேன்."

பிறகு ஜன்னல் ஓரத்தில் ஒரு கை எழுந்தது. கீத். அவனைப் பார்த்து இன்னொருவன். அதன் பிறகு நான் எண்ணவில்லை, கை தூக்காதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கீத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாக்பீஸைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். "தெரிந்தவரை சொல். நின்ற இடத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்."

அவன் இரண்டாவது வரியில் நின்றான். "இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் இது தொங்கி விழணுமே" என்றான். இன்னொரு பையன் வரைபடத்துக்கான நீளமான அடிக்கோலை எடுத்து, ஒரு முனையை மேஜையில் வைத்து, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒருவனை அழுத்தச் சொன்னான். "விழாமல் இருக்க நான் பிடித்துக்கொள்ளணும். அய்யோ, மணிக்கட்டை முறுக்குது!" கீத் கோலைப் பிடுங்கித் தானும் பிடித்துப் பார்த்தான். "அப்போ வெட்டி எடுத்த பாதி செய்துகொண்டிருந்த வேலையை இப்போ என் கை செய்யுது. இந்த முறுக்குத்தானா நீங்கள் போர்டில் எழுதின அந்த மொமென்ட்?" அதன் பிறகு ஒரே கூச்சல். மணி அடித்தது. நடத்த வேண்டியதில் பாதிகூட முடியவில்லை. ப்ரூக்ஸ் தாளை மடித்துக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மிசஸ் ஹில்லிடம் மெதுவாக விசாரித்தேன். அறிக்கை கமிட்டிக்குப் போயிருக்கிறது, ஜூன் கடைசியில் தெரியும் என்றாள். "விரிவுரையாளர் தன் அறியாமையை மாணவர்கள் முன் ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை" என்றாள். எனக்கும் தெரியவில்லை. மே மாதம் ஆகிவிட்டது, இன்னும் ராத்திரியில் அந்த வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். கீத் ஈஸ்டருக்குப் பிறகு திரும்பி வந்தான். டிப்போ வேலையை அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

7

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே முனிரத்தினத்துக்கு ஒரு ஏர்மெயில் எழுதினேன். விலாசத்தை எங்கள் அண்ணனிடம் கேட்டு எப்போதோ வாங்கி வைத்திருந்தேன், எழுதத்தான் தைரியம் வரவில்லை. குசலம் விசாரித்து ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன். கடைசியில் ஒரே வரி. 'முனிரத்தினம், அன்னிக்கி எனக்கும் பிரியலடா.' பெட்டியில் போட்ட கையோடு பயம் பிடித்துக்கொண்டது. ஒருவன் வாழ்க்கை திசைமாறிப் போன பிறகு, பதினோரு வருஷம் கழித்து, இதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டாலே, வேலைக் கடிதத்தைவிட இதை நினைத்துத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நேற்று அவன் பதில் வந்தது. எழுதினாலும் பேசுகிற மாதிரியே எழுதுவான். பள்ளிக்கூடத்தைப் பற்றி, இரண்டு பையன்களைப் பற்றி, இப்போதும் போர்டில் புரியாத பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துவதைப் பற்றி என்று எல்லாம் எழுதிவிட்டுக் கீழே ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தான்.

'உனக்குப் பிரியலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. கையத் தூக்காம பெஞ்ச அமுக்கிக்கினு இருந்தியே, பாத்தேன். நம்ம சட்டப்படிதானே கரிய உன் கைல குடுத்தேன். நீதான் வாங்கிக்கல.'